மைக்குக்கு அம்மா தைத்த சட்டை

நம் நெய்வேலி வட்டத்துப் பிள்ளைகளே! பிள்ளைகள் என்றுதான் கூப்பிடுவேன். உங்களில் பாதிப் பேருக்கு முன்தலை வழுக்கை விழுந்ததும், மீதிப் பேர் விழுமோ என்று பயந்து தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரே மைதானத்தில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர்கள் ஆயிற்றே! எனக்கு நீங்கள் என்றைக்கும் பிள்ளைகள்தான். நாம் ஒன்றுகூடும் இந்த வருஷம் மலர் போடுகிறோம், நீயும் எழுது என்றார்கள். படித்தவர்கள் மட்டும் எழுதினால் மலர் தூங்கிவிடும் என்ற பயமாக இருக்கும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். இன்றைக்குக் கடலூரிலிருந்து விழுப்புரம் வரை எந்த மேடையில் யார் பேசினாலும் அவர் வாய்க்கு முன்னால் நிற்பது என் மைக்தான். தேர் இழுக்கவும் என் மைக், ஓட்டுக் கேட்கவும் என் மைக். என்னிடம் வேலை பார்ப்பவர்களில் இன்ஜினியரிங் முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியும், எனக்குக் காது தெரியும். ஒரு மைக்கை எட்ட நின்று கேட்டே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். இந்தக் காது எனக்கு எப்போது வாய்த்தது என்றால், நான் ஐந்தாவது முடித்த அந்தக் கோடையில். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த வருஷங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் நம் குவார்ட்டர்ஸ் ஃபேனுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டு ஊருக்குப் போகவே மாட்டேன் என்றார்கள். கரி தோண்டுகிற ஊர், கரண்ட் காய்ச்சுகிற ஊர், நமக்கு ஏது இருட்டு? அந்தப் பெருமையில் நாமெல்லாம் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக்கொண்டு திரிந்தோம்.

எங்கள் வீட்டில் அப்பா மைன்ஸில் பர்மனென்ட். அதனால்தான் குவார்ட்டர்ஸ். அம்மாவின் கடைசித் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். அவர் காண்ட்ராக்ட். மைன்ஸுக்குள் ஓடும் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற வேலை. இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் இருந்த பள்ளம் மைன்ஸைவிட ஆழம் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பர்மனென்ட்டுக்கு அரைக் கிழமானாலும் பெண் கிடைக்கும். காண்ட்ராக்ட்டுக்கு அசலூர்க்காரர்கள் ஜாதகத்தைக்கூடப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

போதாக்குறைக்கு மாமாவுக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. புது ஆள் ஒருவர் வந்து பெயர் கேட்டால் பிடரியைச் சொறிவார். அந்தப் பதில் தொண்டையிலிருந்து புறப்பட்டு வருவதற்குள் கேட்டவர் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார். ஆனால் இதே மனிதர் பரீட்சை எழுதி, ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். வீட்டில் இருந்தபடி வயர்லெஸ்ஸில் ஊர் ஊராகப் பேசலாம், காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, வெறும் சிநேகம்தான். மொபைல் வந்த பிறகும் இது எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். மாமா பிடரியைச் சொறிந்தார்.

யாரோ கழித்துப் போட்ட செட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். மொட்டை மாடியிலிருந்து பின்கட்டுப் பலாமரம் வரை ஒரு கம்பி கட்டினார். முதல் வாரமே அம்மா அதில் புடவை காயப்போட்டுவிட்டார்.

"அக்கா! அது ஏரியல் கம்பி!"

"அதுக்கென்னாடா? வெய்யிலு அதுலயும்தான் அடிக்குது."

செட் இருந்தது, கம்பி இருந்தது, மைக் மட்டும் இல்லை. அந்த செட்டோடு வரவேண்டிய மைக்கின் விலையைப் போனில் விசாரித்த மாமா, மறு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டார். அப்புறம் ஒருநாள் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மைக்கோடு வந்தார். ஏதோ காண்ட்ராக்ட் கம்பெனி தன் லாரிகளில் மாட்டியிருந்த வயர்லெஸ் செட்டுகளைக் கழித்துக் கொட்டியிருந்ததாம். உள்ளங்கையை அடைத்துக்கொள்கிற கறுப்பு மைக். பக்கவாட்டில் ஒரு பெரிய பட்டன், அதை அழுத்தினால்தான் பேச்சு போகும். பன்றிவால் மாதிரிச் சுருண்ட ஒயர். எத்தனை டிரைவர்களின் வாய் பட்டதோ, கரித்தூளும் கிரீஸும் வெற்றிலைச் சாறும் சேர்ந்து ஒரு வாடை. இப்போது கண்ணை மூடினாலும் அந்த வாடை எனக்கு வருகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல வாடை.

"ஐய்ய! எச்சி மைக்கு!" என்று அம்மா மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வந்தார். மாமா அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினார்.

லாரி மைக் வேறு, இந்த செட் வேறு. மருமகள் வந்த மாதிரிதான். அவள் வீட்டுப் பழக்கம் ஒன்று, நம் வீட்டுப் பழக்கம் ஒன்று. மைக்கின் ஒயர் முனையில் போன் ஒயருக்கு இருப்பது போலச் சதுரப் பிளக். செட்டில் இருந்ததோ எட்டு ஓட்டை போட்ட வட்டச் சாக்கெட். அதை வெட்டிவிட்டு இதை வைக்க வேண்டும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியாது. கிரீஸ் ஊறி எல்லா ஒயரும் ஒரே நிறம். மாமா மல்ட்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தொடுவார். சரியான ஒயர் என்றால் 'கீய்' என்று கத்தும். பாட்டரி பலமில்லாத மீட்டர், கொசு முனகுவது போலத்தான் கத்தும். மாமாவுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். "கீய் மாமா! கீய் இல்ல மாமா!" என்று நான் சொல்லச் சொல்லத்தான் அந்த மைக் ஒயரிங் ஆனது. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

லாரி மைக்குக்குள் குட்டியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் இருந்தது. அதற்குச் சாப்பாடு மாதிரி கொஞ்சம் கரண்ட் வேண்டும். பழைய செட் ஊட்டிக்கொண்டிருந்தது, இந்த செட் ஊட்டாது. மாமா ஒரு ரெசிஸ்டரை வைத்து ஊட்டினார். ஊட்டிய கரண்ட் பேச்சோடு கலந்து செட்டுக்குள் ஓடிவிடாமல் ஒரு கப்பாசிட்டரை வைத்து வழி மறித்தார். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும்போது புகை எழும். இன்றைக்கும் என் பட்டறையில் அந்தப் புகை வந்தால்தான் எனக்குப் பசிக்கும்.

முதல்நாள் பேசினார். எதிர்முனையில் மதுரை அண்ணன் ஒருவர், "யாருப்பா அது, பானைக்குள்ள தலைய விட்டுட்டுப் பேசறது?" என்றார். மாமா மறுபடி பிரித்தார், கப்பாசிட்டரை வேறு மதிப்பில் போட்டார். இப்போது குரல் சுத்தம், ஆனால் எங்கோ தூரத்துக் கிணற்றடியில் பேசுவது போலக் கேட்டதாம். அதற்கு வழி சொன்னது அப்பா. ஷிஃப்ட் முடித்து வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈஸி சேரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர், "டேய், மெசினு பக்கத்துல நின்னு பேசற மைக்குடா அது. கோயில்ல சாமிக்கி சூடம் காட்றாப்பல தூரமா புடிச்சிக்கினு இருக்கிற. உதட்டுல ஒட்டு" என்றார்.

அப்போதுதான் மாமா எனக்கு அந்த மைக்கின் முதுகைக் காட்டினார். முன்னால் சல்லடை இருப்பது போல முதுகிலும் ஓட்டைகள். "ஊருச் சத்தம் ரெண்டு பக்கமும் பூரும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கினு செத்துப்பூடும். பேசறவன் வாயி ஒரு பக்கந்தான இருக்குது? அது மட்டும் பொழைச்சிக்கும்" என்றார். எவ்வளவு அழகான விஷயம் பாருங்கள்! பள்ளிக்கூடத்தில் எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் எட்டாவதோடு நிறுத்தியிருப்பேனா?

அதற்கப்புறம் மாமா வேறு ஆள். அந்தக் கறுப்பு மைக்கை உதட்டில் வைத்துப் பட்டனை அழுத்தினால் முதுகு நிமிரும், குரல் கணீர் என்று வரும். "நெய்வேலியிலிருந்து பேசுகிறேன், அனைவருக்கும் வணக்கம், ஓவர்." ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் பேசுகிற ஹாம்களெல்லாம் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். யார் முறைக்கு யார் பேசுவது என்று ஒருவர் நின்று கூப்பிட வேண்டும். அந்தப் பதவி மாமாவுக்கு வந்தது. காரணம் படிப்பு இல்லை, கரண்ட். மற்ற ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் காணாமல் போவார்கள். நெய்வேலித் தம்பி மட்டும் போகவே மாட்டார். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர், யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியார், எல்லாரும் மாமா கூப்பிடும்வரை காத்திருந்தார்கள். அங்கே ஒருவரும் நீ பர்மனென்ட்டா என்று கேட்டதில்லை.

இந்த நேரத்தில்தான் காடாம்புலியூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. முந்திரித் தோப்பும் பலாவும் உள்ள குடும்பம். பெண்ணுக்கு மாமாவின் போட்டோ பிடித்துவிட்டது. மாமாவுக்கு அந்தப் பெண்ணின் போட்டோ எவ்வளவு பிடித்தது என்றால், செட்டுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மைக்கில் பேசும்போது மட்டும் திருப்பி வைத்தார். வெட்கமாம். இனி பாக்கி பெண்ணின் பெரியப்பா மட்டும்தான். அந்த வீட்டில் அவர் தலையாட்டாமல் பலாப்பிஞ்சுகூடப் பறிக்க மாட்டார்களாம். மாப்பிள்ளை வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சட்டை உண்டு. டிவிக்குக் குஞ்சம் வைத்த துணி, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, மிக்ஸிக்குக் கவுன், கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் தாள். "இந்த வூட்ல சட்டையில்லாம இருக்கிறது நான் ஒருத்தன்தான்" என்பார் அப்பா. விருந்தாளி வருகிறார்கள் என்றதும் எல்லாவற்றுக்கும் ஒரே பூப்போட்ட துணியில் புது செட் தைத்தார் அம்மா. மிச்சத் துணியில் எச்சில் மைக்குக்கும் ஒரு சட்டை. நன்றாக யோசித்துத்தான் தைத்தார். வாய் வைக்கிற இடத்தில் வலைத்துணியில் ஜன்னல். முதுகுப் பக்கம் கெட்டித்துணி இரண்டு மடிப்பு. கழன்றுவிடாமல் இருக்க இழுத்துப் பிடிக்கிற எலாஸ்டிக்.

ஞாயிறு காலை மாமா குளிக்கப் போன நேரத்தில் மைக்குக்கு அதை மாட்டிவிட்டார். செட்டை ஹாலைவிட்டு நகர்த்த முடியாது, ஜன்னல் வழியாகக் கம்பி வருகிறது. அதனால் செட், மைக், போட்டோ எல்லாவற்றின் மேலும் ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ரோஜா ஜாடி ஒன்றை வைத்தார். செட்டின் சத்தத்தை மாமா முன்பே அடியோடு குறைத்துவிட்டிருந்தார், அணைக்க மட்டும் மனசில்லை. இன்றைக்குக் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று நண்பர்களிடம் முதல்நாளே சொல்லியாயிற்று. போனைக்கூட அம்மா வாங்கி, அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"அவங்க கேட்டா நான் பதில் சொல்றேன். நீ வாயத் தொறந்து கெடுத்துப்புடாத" என்று மாமாவிடம் சொன்னார். மாமா வாயைத் திறப்பார் என்று பயந்த ஒரே ஆள் உலகத்தில் அம்மாதான்.

வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, முன்னால் பெரியப்பா. முந்திரித் தோப்பின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவருக்கு. ஹாலில் உட்கார்ந்து பேசினாலும் பின் தெரு நாய் எழுந்து உட்காரும். அவருக்குப் போட்ட நாற்காலி ரோஜா ஜாடிக்குப் பக்கத்தில்.

அம்மா காப்பியும் முறுக்கும் கொண்டுவந்தார். பெரியப்பா கை காட்டினார்.

"இருக்கட்டும்மா. மொதல்ல பேசுவோம். பேச்சு முடியாம கை நனைக்கிற பழக்கமில்ல."

பெண் வீட்டார் நம் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. நனைக்காமல் எழுந்து போனால் அதுவும் முடிந்ததுதான். அம்மாவின் கண் அந்த டம்ளர்களிலேயே இருந்தது.

"இங்க கரண்டே போவாதாம்மா?" என்று ஃபேனை அண்ணாந்து பார்த்தார் பெரியப்பா.

மேஜைக்கு அடியில் ஏதோ உறுமியது. உர்ர்.

என் காது நிமிர்ந்தது. மேஜைக்கு அடியில் இருந்தது செட்டுக்குக் கரண்ட் ஊட்டுகிற பெட்டி. மாமா மைக்கில் பேசினால் அது உறுமும். பேச்சை நிறுத்தினால் அடங்கும். இப்போது மாமா ஓரமாகக் கை கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"போவாதுங்க" என்றார் அம்மா. உர்.

எனக்குப் புரிந்துவிட்டது. எலாஸ்டிக் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறது. மைக் திறந்தே கிடக்கிறது. முதுகு ஓட்டைகளை வேறு கெட்டித்துணி அடைத்துவிட்டதால், ஊர்ச் சத்தம் சாக வழியில்லை. ஹாலில் பேசுவதெல்லாம் முன் ஜன்னல் வழியாக உள்ளே போய், பலாமரம் வரை ஓடி, அங்கிருந்து நாடெல்லாம் போகிறது! பட்டன் அழுந்தி இருக்கும்வரை அந்தப் பக்கத்துக்காரர்கள் கத்தினாலும் நமக்குக் கேட்காது. ஐந்தாவது முடித்த பெண்ணுக்கு இத்தனையும் ஒரு நொடியில் புரிந்தது. நம்பாதவர்கள் என் பட்டறைக்கு வந்து என் காதைச் சோதித்துக்கொள்ளலாம்.

"அம்மா, பொட்டி உறுமுது."

"போயி தண்ணி கொண்டா."

கொண்டுவந்தேன். அதற்குள் அம்மா வேகம் பிடித்துவிட்டார். "எங்க தம்பிக்கி எவ்ளோ எடம் வந்துதுங்க. நாங்கதான் வேணாம்னுட்டோம்." உர்ர்ர். எத்தனை இடம் வந்தது, எப்படிப் போனது என்பதெல்லாம் மதுரை அண்ணனுக்கு அத்துப்படி. மாமா அவரிடம்தான் ஒவ்வொரு முறையும் சொல்லி அழுவார்.

"அம்மா, நீ பேசினாத்தான் உறுமுது."

"பாப்பா என்னா சொல்லுது?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணுமில்லீங்க, ஃபேனு சத்தத்த சொல்லுது" என்ற அம்மா, யாருக்கும் தெரியாமல் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். இன்றைக்கு நான் வாய் திறந்தால் மூன்று மாவட்டம் கேட்கிறது. அன்றைக்கு ஒரு ஹாலில் கேட்பதற்கு ஆள் இல்லை.

பெரியப்பா விஷயத்துக்கு வந்தார். "சரிம்மா. பையன் கம்பெனில பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?"

"இந்தத் தீவாளிக்குள்ள பர்மனென்ட் ஆயிடுவாங்க. மேலெடத்துக்குப் பேரு போயிட்டுது. பெரிய ஆபீசருங்க சொல்லிட்டாங்க." அம்மா ஒவ்வொரு பொய்யாக அடுக்க, பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டது. அப்பா கூரையைப் பார்த்தார். நம் அம்மாக்கள் அப்படித்தான் இருந்தார்கள். காண்ட்ராக்ட் என்பதைத் தொற்றுநோய் மாதிரி மறைத்தார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் தெரிந்துவிடாதா என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

நான் மெல்ல நகர்ந்து மாமாவின் சட்டையை இழுத்தேன். "மாமா, பொட்டியக் கேளு."

மாமா கேட்டார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அதே நேரம் பெரியப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு தம்பி. உங்கக்கா சொல்றது கெடக்கட்டும். உன் வாயால கேக்கணும். தீவாளிக்குள்ள ஆயிடுமா?"

மாமாவின் கை பிடரிக்குப் போனது. "அது... வந்துங்க..."

பெட்டி மெதுவாக முனகியது. அவர் குரல் போய்க்கொண்டிருக்கிறது. மதுரையும் கோயம்புத்தூரும் யாழ்ப்பாணமும் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அம்மா கண்ணாலேயே தலையாட்டு, தலையாட்டு என்றார். மாமா ரோஜா ஜாடியைப் பார்த்தார். பிடரியிலிருந்து கை இறங்கியது. முதுகு நிமிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குரல் வந்தது. கணீர் என்று வந்தது.

"நான் காண்ட்ராக்ட்தாங்க. வண்டிங்களுக்கு ஒயரிங் பாக்கறேன். மேலெடத்துக்கு என் பேரு போயிருக்குதான்னு எனக்குத் தெரியாதுங்க. பர்மனென்ட் ஆனா சந்தோஷம். ஆவலன்னா பண்ருட்டில ஒரு கடை போட்டுப் பொழைச்சிக்குவேன். எங்கக்கா எம்மேல இருக்கிற ஆசைல சொல்லிட்டாங்க, அத மனசுல வெச்சிக்காதீங்க. பொண்ண எனக்குப் புடிச்சிருக்குது. ஓவர்."

அப்பா கூரையிலிருந்து பார்வையை இறக்கி மாமாவைப் பார்த்தார்.

"அது என்னா தம்பி, ஓவரு?" என்றார் பெரியப்பா.

"பழக்கம்ங்க" என்று சொல்லிவிட்டு மாமா நேராகப் போய் ஜாடியைக் கீழே வைத்து விரிப்பை உருவினார். செட்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பூப்போட்ட கவுன் போட்டுக்கொண்டு படுத்திருந்தது லாரி மைக். அதற்குப் பக்கத்தில் பெண்ணின் போட்டோ. மாமா கவுனைக் கழற்றினார். 'டக்' என்று பட்டன் எழும்பியது. சத்தத்தைக் கூட்டினார். முதலில் அப்பளம் பொரிகிற சத்தம். அப்புறம் ஆட்கள்.

"நெய்வேலித் தம்பி, யாழ்ப்பாணத்திலயிருந்து கதைக்கிறன். உங்கட வீட்டுக் கதை எல்லாம் வடிவாக் கேட்டுக்கொண்டு இருந்தனாங்கள். கடைசியாச் சொன்னதுதான் தம்பி கதை. ஓவர்."

"ஏனுங் தம்பி, கோயம்புத்தூருங்க. உங்களுக்குப் போன் போட்டுப் போட்டு வெரலே தேஞ்சு போச்சுங். மைக்க மொதல்ல பாருங். ஓவர்."

"மதுரையிலருந்துப்பா! அந்தப் பெரியவர் யாருப்பா? கொரலு இங்க கூரைய இடிக்குதுப்பா! அஞ்சு ஒம்போது! ஓவர்!"

அஞ்சு ஒன்பது என்றால் அவர்கள் கணக்கில் முழு மார்க். மாமா மைக்கை எடுத்து, அலைவரிசையை அடைத்துக்கொண்டதற்கு எல்லாரிடமும் முறையாக மன்னிப்புக் கேட்டார். பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். எங்கள் அம்மா சமையல்கட்டு வாசலில் சிலையாக நின்றார்.

பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை செட்டுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

"யாழ்ப்பாணம்னா... கடலத் தாண்டியா தம்பி?"

"ஆமாங்க."

"என் கொரலு அங்க போச்சா?"

"போச்சுங்க."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். ஒரு நிமிஷம் கழித்து, தோப்பில் ஆளைக் கூப்பிடுகிற கையை நீட்டினார். "குடு. நானும் ரெண்டு வார்த்த பேசறேன்."

மாமா மைக்கை மார்போடு வைத்துக்கொண்டார். "மன்னிச்சிக்கோங்க. லைசென்ஸ் வாங்கினவங்கதாங்க இதுல பேசலாம். இவ்ளோ நேரம் தெரியாம போனதே தப்புங்க."

"டேய், பெரியவங்க கேக்கறாங்கடா, குடுறா!" என்று அம்மா ஓடிவந்தார்.

"முடியாதுக்கா."

"நாந்தான கேக்கறேன்?" என்றார் பெரியப்பா. "பொண்ணு குடுக்க வந்தவன் கேக்கறேன்."

"அதாங்க எனக்கும் கஷ்டமா இருக்குது. ஆனா குடுக்க முடியாதுங்க."

பெரியப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி வெளியே போனார். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார்கள். காப்பியில் ஆடை படிந்துவிட்டிருந்தது. மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டு போட்டோவைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெருமைக்காரியாக இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், சத்தமாகவே வந்தது.

வெளியே தோட்டத்துக் குழாய் திறக்கும் சத்தம். தண்ணீர் விழுகிற சத்தம். இதற்கும் காதைத்தான் முதலில் திருப்பினேன். பெரியப்பா திரும்ப உள்ளே வந்தார். இரண்டு கையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"எலைய போடும்மா."

அம்மா அந்த ஈரக் கையையே பார்த்தார்.

"என்னா பாக்கறீங்க? கேட்டதையெல்லாம் தூக்கிக் குடுக்கறவன், நாளைக்கி எவனாச்சும் கேட்டா பொண்டாட்டி நகையையும் கழட்டிக் குடுத்துருவான். இவன் குடுக்க மாட்டான். கை காயறதுக்குள்ள எலைய போடுங்க."

இங்கேதான் நம் வீட்டுப் பெண்களின் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. முதல் தடவை வருகிறவர்கள் எங்கே சாப்பிடப் போகிறார்கள் என்று அம்மா உலையே வைக்கவில்லை. வீட்டில் இருந்தது நாலு முறுக்கும் பழைய சோறும். அம்மா என் கையில் ஒரு தூக்குச்சட்டியைத் திணித்துக் காதோடு சொன்னார், "ஓடு!" நான் பின்வாசல் வழியாக ஓடினேன். நம் நகரியத்தில் அதற்கென்ன பஞ்சம்? எந்த மாவட்டத்துக்காரர் இல்லை? பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிக்காரர்கள் சொதியைச் சட்டியோடு கொடுத்தார்கள். எதிர் வீட்டு மலையாளத்துக்காரர்கள் அவியல் கொடுத்தார்கள். பின் தெருத் தஞ்சாவூர் மாமி வத்தக்குழம்பை ஊற்றிவிட்டு, "யாருக்குடி நிச்சயம்?" என்று கேட்டுக்கொண்டே கூட ஓடிவந்து எட்டிப் பார்த்தார். சோறு மூன்று வீட்டுச் சோறு. ஒன்று குழைந்திருந்தது, ஒன்று விறைத்திருந்தது.

பெரியப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் நிதானமாகச் சாப்பிட்டார். சொதியை விரலால் தொட்டு நாக்கில் வைத்து யோசித்தார். அவியலை ஒதுக்கிப் பார்த்தார், அப்புறம் இழுத்துக்கொண்டார். வத்தக்குழம்புக்கு இரண்டாம் முறை சோறு கேட்டார். பிறகு தலையைத் தூக்கினார்.

"ஏம்மா, ஒரு எலைல ஊரு ஊரா ருசி இருக்குதே. எல்லாம் நீயா சமைச்ச?"

"ஆமாங்க" என்றார் அம்மா. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "விடியங்காத்தால எழுந்து நான் ஒருத்தியா சமைச்சதுங்க."

மாமாவின் முதுகு நிமிர்ந்தது. வாய் திறந்தது.

பெரியப்பா சோற்றுக் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். "தம்பி, இதுக்கு நீ பதில் சொல்லாத. நான் இன்னும் ரசம் சாப்புடணும்."